மயிர் நீங்கும் வழி

பேரே வாவிக் கரையை அடுத்த கொம்பனித்தெருவிலே, சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு மாலைப் பூசை வேளையிற் செல்வோர் எல்லோரும் தவறாது செய்யும் காரியம் ஒன்றுண்டு. வாயிலிலே தத்தம் பாதரட்சைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் கழுவி உள்ளே புகுகின்றனர். காலில் அணிந்த தோல் திருச்சந்நிதிக்கு ஆகாது என்பது நம் முன்னோர் வகுத்த நியமம். ஆனால், உள்ளே புகுந்ததும் முதலிற் காதில் விழுவது யாது? தவிலின் முழக்கம். வாயிலிலே விலக்கி வைத்த அதே தோல், மண்டபத்திலே நாதமாகி இறைவனை எழுப்புகின்றது.

இம்முரண்பாட்டை நம்மிற் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்போமாயின் வேறொன்றும் புலப்படும். வாயிலிற் கிடக்கும் செருப்பின் தோல் பதனிடப்பட்டது. தவிலின் தோலோ பதனிடப்படாத பச்சைத் தோல். எனினும் இரண்டுக்கும் பொதுவான வரலாறு ஒன்றுண்டு. இரண்டும் ஒரு காலத்தில் மயிர் போர்த்திருந்தவை. அந்த மயிரை யாரோ ஒருவர் தம் கையால் நீக்கியிருக்கிறார். அவர் யார், எவ்வாறு நீக்கினார், அதற்காக எதனை விலையாகக் கொடுத்தார் என்பன நம் இலக்கியப் பக்கங்களில் அதிகம் பேசப்படாத செய்திகள். அவற்றைச் சற்றே பேசுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சீவாத தோல்

மயிர் நீக்காத தோலைப் பற்றி நம் பழம்பாட்டு ஒன்று பேசுகின்றது. புறநானூற்றின் 288ஆம் பாடலிலே ஒரு போர்முரசு வருகின்றது. கூரிய கொம்புடைய இரண்டு காளைகளைப் பொரவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் சீவாமலே போர்த்துக் கட்டிய முரசு அது. வெற்றி பெற்ற விலங்கின் வீறு மயிரோடு கூடிய தோலிலே தங்கியிருக்கும் என்பது அக்கால நம்பிக்கை போலும்.

இச்செய்தியை மறுபுறமாகவும் நோக்கலாம். ஒரு முரசுக்குச் சீவாத தோலைப் போர்த்தமையைப் புலவர் சிறப்பித்துச் சொல்கிறார் எனின், ஏனைய தோல்களைச் சீவுவதே வழக்கமாக இருந்தது என்பது தானே விளங்கும். ஆகவே, தோலினின்று மயிரைக் களையும் தொழில் சங்க காலத்துத் தமிழகத்திலே நன்கு நிலைபெற்றிருந்தது எனக் கொள்ளுதல் பிழையாகாது. முரசைப் பாடினோர் பலர். முரசுக்குத் தோல் சீவிக் கொடுத்தவனை நாம் அறியோம்.

மயிர்க்காலும் சுண்ணாம்பும்

விலங்கின் தோலிலே மேலாக மெல்லிய ஓர் அடுக்கும், அதன்கீழ்த் தடித்த ஓர் அடுக்கும் உண்டு. கீழடுக்கு கொலாசன் என்னும் நார்ப் புரதத்தால் நெய்யப்பட்ட துணி போன்றது. நாம் தோற்பொருளாகப் பயன்படுத்துவது இந்நார்த் துணியைத்தான். மயிரும் மேலடுக்கும் கெரற்றின் என்னும் வேறொரு புரதத்தால் ஆனவை. மயிரானது தோலிலே சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மயிர்க்கால் என்று நாம் அழகாகப் பெயரிட்டிருக்கும் குழியிலே வேரூன்றி நிற்கின்றது. பதனிடுவோன் மேலுள்ள கெரற்றினை அகற்ற வேண்டும். கீழுள்ள கொலாசனுக்கு ஊறு நேராமற் காக்கவும் வேண்டும். தொழிலின் நுட்பம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே அடங்கியுள்ளது.

கெரற்றின் இலகுவில் அழியாத பொருள். அதன் உறுதிக்குக் காரணம் கந்தகம். மயிரிலுள்ள புரத இழைகள் ஒன்றோடொன்று இரட்டைக் கந்தகப் பாலங்களால் பிணிக்கப்பட்டுள்ளன. தலைமயிர் தீயிற் பட்டால் எழும் தீநாற்றம் இக்கந்தகத்தின் நாற்றமே. நீரில் ஊறினாலும் வெயிலிற் காய்ந்தாலும் மயிர் நெடுங்காலம் அழியாதிருப்பது இப்பாலங்களின் வலிமையால்.

முற்காலத்தவர் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்தனர். வாரக்கணக்கில் ஊறிய பின் மயிரின் வேர் இளகும். அதன்பின் வளைந்த மரத்தின்மீது தோலை விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரை வழித்தெடுப்பர். விரைவு வேண்டியவர்கள் சுண்ணாம்போடு அரிதாரத்தையோ மனோசிலையையோ சேர்த்தனர். இவை ஆசனிக்கும் கந்தகமும் கூடிய நஞ்சுகள். நம் சித்த வைத்தியரும் நன்கு அறிந்த பொருள்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சோடியஞ் சல்பைட்டு என்னும் உப்பு தோற்சாலைகளுக்குள் வந்தது. அதுவே இத்தொழிலின் போக்கை மாற்றியது. சுண்ணாம்போடு இவ்வுப்பைச் சேர்த்தால், அது மயிரின் கந்தகப் பாலங்களை நேரே சென்று அறுக்கின்றது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரவில் முடிகின்றது. தோலின் நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவிற் சுண்ணாம்பும், இரண்டு மூன்று பங்கு அளவிற் சல்பைட்டும் போதும். மலிவான பொருள், தவறாத பலன். உலகெங்கும் இம்முறை பரவியதில் வியப்பில்லை. இன்றும் தோற்சாலைகளிற் பெரும்பாலானவை இதனையே கையாளுகின்றன.

குழியிலே நிற்பவர்

இதனால் நேரும் கேடு யாது என்று கேட்கலாம். சல்பைட்டு மயிரைக் கழற்றுவதில்லை, கூழாகக் கரைக்கின்றது. மயிராக இருந்த புரதம் முழுவதும் கழிவு நீரிற் கலந்துவிடுகின்றது. அந்நீர் ஆற்றை அடைந்ததும், அதிலுள்ள புரதத்தை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஒட்சிசனை உண்டு தீர்க்கின்றன. ஒட்சிசன் அற்ற நீரிலே மீன் வாழ மாட்டாது. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிப்பதற்குள் முப்பது முதல் நாற்பது லீற்றர் நீர் செலவாகும் என்பர். அவ்வளவும் ஏதோ ஒரு வகையிற் கழிவாகவே வெளியேற வேண்டும். அக்கழிவிலே கலந்துள்ள அழுகும் பொருளின் பெரும்பகுதி, பதனிடத் தொடங்குவதற்கு முன்பே, ஊறவைத்து மயிர் நீக்கும் கட்டத்திலேயே சேர்ந்துவிடுகின்றது.

ஆற்றைவிட அண்மையிலே நிற்பவன் தொழிலாளி. சுண்ணாம்பு நீர் காரத்தன்மை உடையது. அக்காரம் உள்ளவரை சல்பைட்டு நீரிலே அடங்கியிருக்கும். அமிலம் கலந்த வேறொரு கழிவு அதனோடு கலக்குமாயின், அந்தக் கணமே ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு வெளிப்படும். அழுகிய முட்டையின் நாற்றமுடையது இவ்வாயு. காற்றிலே மிகச் சிறிதளவு இருந்தாலும் மூக்கு அதனை அறிந்துகொள்ளும். ஆனால், பத்திலட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு அளவை எட்டியதும் மூக்கின் உணர்வை அது மழுக்கிவிடுகின்றது. நாற்றம் போய்விட்டது, இனி அச்சமில்லை என்று தொழிலாளி எண்ணும் வேளையே பேராபத்தான வேளை. ஆயிரம் பங்கு ஆகுமிடத்து ஓரிரு மூச்சிலே மனிதன் சாய்ந்துவிடுவான்.

கழிவுக் குழியைத் துப்புரவு செய்ய இறங்கிய ஒருவன் மயங்கி விழ, அவனைத் தூக்கச் சென்ற இரண்டாமவனும், அவ்விருவரையும் காக்கப் பாய்ந்த மூன்றாமவனும் ஒருவர் பின் ஒருவராக மாண்ட செய்திகள் தோல் நகரங்களிலே மீண்டும் மீண்டும் கேட்கப்படுபவை. அன்பும் துணிவுமே அங்கே மரணத்தைப் பெருக்குகின்றன. அத்தகைய குழிகளில் இறங்கியோரின் பெயர்கள் பத்திரிகையின் ஒரு மூலையிலே ஒரு நாள் இருந்து மறைவன.

பாலாற்றின் கதை

நமக்கு அயலிலே தமிழகத்திற் பாலாற்றங்கரை ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்பன தோலுக்குப் பேர்போனவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆவாரம்பட்டையாற் பதனிட்ட தென்னாட்டுத் தோல் இலண்டன் சந்தையிலே தனி மதிப்புப் பெற்றிருந்தது. அவ்வூர்களிலே பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. இவ்வுண்மையை மறந்து தோல் தொழிலைப் பழிப்பது அறமாகாது.

ஆயினும் அந்நிலத்துக்கு நேர்ந்ததையும் மறைத்தல் ஆகாது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கிலே, 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோற்சாலைகள் நிறைந்த அப்பகுதியிலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவிலோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற கணக்கை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. திண்டுக்கல்லைச் சார்ந்த பதின்மூன்று கிராமங்களில் ஆராய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பதும் அதிலே குறிக்கப்பட்டது. மாசு செய்தவனே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியை அத்தீர்ப்பு இந்திய நாட்டுச் சட்டமாக நிலைநாட்டியது. ஒவ்வொரு தோற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபா தண்டமும் விதிக்கப்பட்டது.

கிணறுகள் கெட்டமைக்கு மயிர் நீக்கும் முறை ஒன்றே காரணம் என்று சொல்லிவிடுதல் நேர்மையன்று. தோல் அழுகாதிருக்க இடும் கறியுப்பும், பதனிடும் குரோமிய உப்பும் நிலத்தைக் கெடுத்ததிலே பெரும்பங்கு கொண்டவை. ஆனால் கழிவின் நாற்றத்துக்கும், சேற்றின் மிகுதிக்கும், நச்சு வாயுவுக்கும் பெரும்பாலும் பொறுப்பேற்க வேண்டியது சுண்ணாம்பும் சல்பைட்டும் கலந்த தொட்டியே. தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும், உண்டாக்கிய அழுக்கை இறுதியிலே தேக்கி வைப்பது ஒரு தீர்வாகுமா? 2015ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியிலே, ஓரிரவு, இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையிற் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அயலிலே உறங்கிக் கிடந்தவர்கள்மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து கூலி தேடி வந்தவர்கள்.

கரைப்பதா, கழற்றுவதா?

அழுக்கைத் தேக்குவதை விடுத்து, அழுக்கே உண்டாகாத வழியை நாடுவது அறிவுடைமை. அவ்வழியின் அடிப்படை மிக எளிது. மயிரை முழுவதும் கரைக்க வேண்டிய தேவை என்ன? வேரை இளக்கினாற் போதும். மயிர் தானே கழன்று விழும். விழுந்த மயிரை வடித்தெடுத்துவிடலாம். ஆற்றுக்குப் போகவிட வேண்டுவதில்லை.

இதற்கு இரசாயனர் கண்ட உபாயங்களுள் ஒன்று வியப்பூட்டுவது. சல்பைட்டை இடுவதற்கு முன்பு தோலைச் சிறிது நேரம் சுண்ணாம்பு நீரில் மட்டும் இட்டால், வெளியே நிற்கும் மயிர்த் தண்டிலுள்ள இரட்டைக் கந்தகப் பாலங்கள் ஒற்றைக் கந்தகப் பாலங்களாக மாறிவிடுகின்றன. ஒற்றைப் பாலத்தைச் சல்பைட்டால் அறுக்க இயலாது. மயிர்த் தண்டு கவசம் அணிந்ததுபோல் ஆகிவிடும். மயிர்க்காலின் ஆழத்திலே இருக்கும் இளவேரோ இன்னும் முற்றாதது. இக்கவசம் அதற்குக் கிட்டுவதில்லை. பின்னர்ச் சிறிதளவு சல்பைட்டை இட்டால் அது வேரை மட்டும் அறுக்கின்றது. மயிர் முழுதாக வெளிவருகின்றது. ஒரே பொருள் சற்று முன்னே வந்தால் காவல், பின்னே வந்தால் துணை! அவுஸ்திரேலிய நாட்டு அறிஞர்களும் ஐரோப்பியத் தோல் இரசாயனக் கம்பனிகளும் இந்நெறியிலே பல முறைகளை வகுத்தனர். வடித்தெடுத்த மயிரிலே நைதரசன் செறிந்திருப்பதால் அது வயலுக்கு உரமாகும். கம்பளிப் படங்குக்கும் தூரிகைக்கும் ஆகும்.

சல்பைட்டை முற்றாக விடுத்து, ஐதரசன் பரவொட்சைட்டைக் காரத்தோடு சேர்த்து மயிரை நீக்கும் வழியும் உண்டு. இதிலே நச்சு வாயு எழுவதில்லை. ஆனால் மரத்தாலான உருளைகளை அது கெடுத்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம்விட இயற்கைக்கு இணங்கிய வழி நொதியங்களின் வழி. உயிர்கள் தம் உடலிலே உணவைச் செரிக்கப் பயன்படுத்தும் புரதங்களே நொதியங்கள். மயிர்க்காலைச் சூழ்ந்து மயிரைத் தோலோடு பிணிக்கும் பசை போன்ற புரதங்களை மட்டும் செரித்துவிட்டு, கொலாசனைத் தொடாது விட்டுவிடும் நொதியம் ஒன்று கிடைக்குமாயின், அதுவே தோல் தொழிலாளி தேடும் மருந்து.

இத்தேட்டத்தின் வரலாறு சற்று அருவருப்பான இடத்திலே தொடங்குகின்றது. சுண்ணாம்பிட்ட தோலை மென்மையாக்குவதற்கு ஐரோப்பியத் தோற்சாலைகள் நெடுங்காலம் நாயின் மலத்தைப் பயன்படுத்தின. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனிலே அதைத் தெருத்தெருவாகப் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைகளைப் பற்றி ஹென்றி மேஹியூ என்பார் விரிவாக எழுதியுள்ளார். ஜெர்மானிய இரசாயனரான ஒற்றோ றோம், அம்மலத்திலே வேலை செய்வது செரிமான நொதியமே என்று தெளிந்தார். விலங்குகளின் கணையத்திலிருந்து அந்நொதியத்தைப் பெற்று, 1907ஆம் ஆண்டிலே ஓட்டோ ஹாஸ் என்பவரோடு கூடிக் கம்பனி அமைத்து விற்கத் தொடங்கினார். மலம் பொறுக்கிய கைகளுக்கு அதனால் விடுதலை கிடைத்தது. 1910ஆம் ஆண்டிலே நொதியத்தைக் கொண்டு மயிரையும் நீக்கலாம் என்று அவரே காட்டினார். நூறாண்டுக்கு மேற்பட்ட கருத்து இது.

எருக்கம்பால்

ஆனால் அதற்கும் முன்னமே நம் நாட்டுப்புறத்திலே இவ்வித்தையை அறிந்தோர் இருந்தனர். எருக்கஞ் செடியின் பாலைத் தோலிலே பூசி மயிரைக் களையும் வழக்கம் இந்தியக் கிராமங்களிலே தோல் பதனிடுவோரிடம் இருந்து வந்துள்ளது. எருக்கம்பாலிலே புரதத்தை உடைக்கும் நொதியம் உண்டு. பப்பாசிக் காயின் பாலிலே உள்ள நொதியத்துக்கு அது உறவு முறையானது. முற்றின இறைச்சியை மென்மையாக்கப் பச்சைப் பப்பாசித் துண்டைக் கறியிலே இடும் நம் வீட்டுப் பெண்கள், பெயர் அறியாமலே இந்த இரசாயனத்தைக் கையாண்டு வருபவர்கள்.

எருக்கு நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. நல்லதும் தீயதும் அல்லாத எளிய எருக்கம்பூவாயினும், ஒருவர் சூட்டினால் கடவுள் வேண்டாமென்று தள்ளுவதில்லை எனக் கபிலர் புறநானூற்றிலே பாடியுள்ளார். ஒருவரும் நட்டு வளர்க்காத அச்செடி, ஒருவரும் அருகே அண்டவிடாத மக்களுக்கு உதவியிருக்கிறது. ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்ட அம்மக்கள் எந்தச் செடியின் பால் மயிரை இளக்கும், எத்தனை பொழுது வைத்தால் தோல் கெடும் என்பனவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தனர். அவ்வறிவுக்கு நாம் சூட்டிய பெயர் இழிதொழில்!

சென்னை அடையாற்றிலே 1948ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இவ்வறிவை ஆய்வுகூடத்துக்குள் அழைத்து வந்தது. அதன் முதல் இயக்குநரான பி. எம். தாஸ் அவர்களும், எஸ். எம். போஸ், மாதவகிருஷ்ணா என்ற அறிஞர்களும், தாவரப் பாலிலுள்ள நொதியங்களாற் தோலின் மயிரை நீக்கும் ஆய்வை 1955ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தோல் இரசாயனர் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளியிட்டனர். பின்னர் அந்நிலையத்தார் பூஞ்சணம் ஒன்றிலிருந்து பெற்ற நொதியத்தைக் கிளாரிசைம் என்ற பெயரால் தொழிலுக்கு வழங்கினர். நொதியப் பசையைத் தோலின் சதைப்புறத்திலே பூசி, மடித்து அடுக்கி வைத்தால், மறுநாள் மயிர் கையோடு வருகின்றது. கழிவு நீரிலே சல்பைட்டு இல்லை. கரைந்த மயிரும் இல்லை.

அந்நிலையத்தை 1958 முதல் 1971 வரை நடத்தியவர் யெலவர்த்தி நாயுடம்மா அவர்கள். ஆந்திர நாட்டிலே தெனாலிக்கு அயலான கிராமத்திலே 1922இற் பிறந்து, அமெரிக்காவிலே கற்றுத் திரும்பி, தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட தொழிலைத் தம் வாழ்வின் அறிவியலாக ஏற்றவர். தோல் முதலாளியையும் தொழிலாளியையும் ஆராய்ச்சியாளரையும் ஒரே பந்தலில் அமர்த்திப் பேசவைத்த பெருமை அவருடையது. 1985ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அத்திலாந்திக் கடலின்மேல் வெடித்துச் சிதறிய கனிஷ்கா விமானத்திலே அவர் உயிர் நீத்தார்.

மலிவின் விலை

இத்துணை நல்ல வழி இருக்க, உலகம் இன்னும் சல்பைட்டைக் கைவிடாதது ஏன்? காரணங்கள் உண்டு, அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுதல் கூடாது. நொதியம் வெப்பத்துக்கும் நேரத்துக்கும் மிக அடங்கியது. சற்று நேரம் மிஞ்சினால் தோலின் மேற்புறத்து நயம் கெட்டுவிடும். சற்றுக் குறைந்தால் பூனைமயிர் போன்ற குறுமயிர் நின்றுவிடும். கொலாசன் நார்களைப் பிரித்து விரிக்கும் வேலையைச் சுண்ணாம்பு செய்வதுபோல் நொதியம் செய்வதில்லை. அதற்கு வேறொரு படி வேண்டும். இதற்கெல்லாம் கூர்ந்த கவனமும் பயிற்சியும் தேவை. நொதியத்தின் விலையும் சல்பைட்டின் விலையைவிட அதிகம்.

இவ்விடத்திலேதான் நாம் கணக்கைச் சரியாகப் பார்த்தல் வேண்டும். தோல் கெட்டால் நட்டம் முதலாளியைச் சேரும். அதனை அவர் அன்றே தம் ஏட்டில் எழுதிக்கொள்வார். ஆறு கெட்டால் நட்டம் ஒருவர் ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. வறண்ட கிணற்றுக்காரனும், குழியில் விழுந்தவனின் மனைவியும் அதனைச் செலுத்துகின்றனர். சல்பைட்டு மலிவானது என்று சொல்வதன் பொருள், அதன் விலையிற் பெரும்பகுதியை வேறொருவர் கொடுத்துவிடுகிறார் என்பதே. அவ்வேறொருவர் கொடுப்பதையும் விலையோடு சேர்த்து எண்ணத் தொடங்கும் நாளிலே நொதியம் மலிவாகத் தோன்றும். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உட்பொருளும் இதுவே.

மட்டக்குளியும் நாமும்

இக்கதை பாலாற்றோடு முடிந்துவிடுவதன்று. கொழும்பு நகரின் வட எல்லையிலே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள மட்டக்குளி நம் நாட்டுத் தோல் பதனிடலின் இருப்பிடமாக நெடுங்காலம் விளங்கியது. அத்தோற்சாலைகளை நகரத்தினின்று அகற்றி அம்பாந்தோட்டை மாவட்டத்திலே குடியேற்றும் திட்டம் பல்லாண்டு பேசப்பட்டது. நகரத்து மக்களின் முறைப்பாட்டிலே நியாயம் உண்டு. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். தொட்டியை இடம் மாற்றினால் நாற்றமும் இடம் மாறும், அவ்வளவே. தொட்டிக்குள் இடும் பொருளை மாற்றினாலன்றி, இவ்வூரின் துன்பம் அவ்வூருக்குப் போய்ச் சேரும். அங்கும் குழியிலே இறங்க ஒருவன் இருப்பான்.

பாடசாலைகளிலே இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். காரம், அமிலம், புரதம், நொதியம் என்னும் பாடங்களுக்கு உதாரணம் தேடி நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. மாணவர் தம் காலிலே அணிந்து வந்த சப்பாத்தையும், கோயிலிலே கேட்ட தவிலையும், வேலியோரம் பூத்த எருக்கையும் காட்டிக் கற்பிக்கலாம். அப்பாடத்தை முடிக்குமுன், இவ்வித்தையை முதலிற் கண்டறிந்தவர்களையும் இன்று அதன் கொடுமையைச் சுமப்பவர்களையும் ஒரு சொல்லாலாவது நினைவுகூரலாம்.

மீண்டும் கொம்பனித்தெருவுக்கு வருவோம். பூசை முடிந்து மக்கள் வெளியே வருகின்றனர். தவில் வித்துவான் தம் வாத்தியத்தை உறையிலிட்டு மூடுகிறார். வாயிலிலே ஒவ்வொருவரும் தத்தம் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொள்கின்றனர். தெருவோரத்திலே செருப்புத் தைக்கும் ஒருவர், அறுந்த வார் ஒன்றை ஊசியிற் கோத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையிலுள்ள தோல் துண்டு வழுவழுப்பாக இருக்கின்றது. கூர்ந்து நோக்கினால் அதிலே ஊசிமுனை போன்ற சிறு புள்ளிகள் தெரியும். மயிர் நீங்கிய மயிர்க்கால்கள் அவை. எந்த வழியால் நீங்கியது என்று அந்தத் தோல் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.